எடுக்காத இலை

"குன்னத்தூர்ல ஊடு எங்க கண்ணு? என்ன கூட்டம் நீங்க?"

மகளின் தோழிக்கு இலையில் ரசத்தை ஊற்றியபடி தெய்வாத்தாள் கேட்டாள். அன்புசெல்வி நிமிர்ந்தாள். அவள் வாய் திறக்கும் முன் மகள் நித்யஸ்ரீ முந்திக்கொண்டாள்.

"ஆந்தை கூட்டம்ங்ம்மா."

சாதி என்ன என்று நேராகக் கேட்க அந்த வீட்டில் யாரும் அவ்வளவு நாகரிகம் கெட்டவர்கள் இல்லை. கவுண்டர்களுக்குள் குலத்தின் பெயர் கூட்டம். அதைக் கேட்டால் போதும். சொல்லத் தெரிந்தவர்கள் உள்ளே, தெரியாதவர்கள் வெளியே.

தெய்வாத்தாளின் முகம் மலர்ந்துவிட்டது. அவளுடைய பிறந்த வீடும் ஆந்தை கூட்டம்தான்.

"அப்ப நீ எனக்கு அண்ணன் மக மொறை. ஒரு பையன் இருந்தா உன்னையவே கட்டி வெச்சிருப்பேன்."

"இருக்கற ஒரு புள்ளையவே உன்னால சமாளிக்க முடியல," என்றார் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் மகுடேஸ்வரன். பனியன் கம்பெனி முதலாளி. வீட்டில் அதிகம் பேசாதவர் அன்று சிரித்தார்.

நித்யஸ்ரீயும் சிரித்தாள். ஒரு கண்டம் தாண்டியதாக நினைத்தாள்.

முதலாண்டு அவள் படித்தது ஊருக்குப் பக்கத்துத் தனியார் கல்லூரியில். அங்கே பஸ் டிரைவர்கூட மாமன் முறை. எங்கே திரும்பினாலும் மகுடேஸ்வரன் மகள். அடம்பிடித்து மாறுதல் வாங்கிச் சென்னையின் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். போன பிறகுதான் பயம் பிடித்தது. மணிப்பூர், கேரளம், ராமநாதபுரம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் ஓராண்டாகப் பழகி, தனித்தனிச் செட்டாகிவிட்டிருந்தார்கள். நடுவில் வந்தவளுக்கு எதிலும் இடமில்லை. மெஸ்ஸில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள். ஒரு நாள் சாம்பார் ஊற்றியவரிடம் அவள் "போதுமுங்க" என்றதைக் கேட்டு, பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள். "நம்மூரா? தட்டை இங்க கொண்டா." அன்புசெல்வி. பிறகு தன் அறையிலேயே இடம் பிடித்துக் கொடுத்தாள். தான் தலித், காலனிப் பெண் என்பதை அவளாகவே சொன்னாள். அதனால் என்ன என்றாள் நித்யஸ்ரீ. அப்போது மனதாரத்தான் சொன்னாள்.

அன்புசெல்வி ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"எங்களுக்குக் கூட்டமெல்லாம் இல்லீங்க. எங்க ஊடு காலனீல. அப்பா பேரு ராசப்பன். பனியன் கம்பெனீல பேக்கிங்ல இருக்காருங்க."

குரல் உயரவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"அதனால என்ன கண்ணு. நல்லாச் சாப்பிடு," என்றாள் தெய்வாத்தாள்.

மகுடேஸ்வரன் கம்பெனிக்குக் கன்டெய்னர் வந்திருக்கும் என்று முனகிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். தெய்வாத்தாள் ரசப் பாத்திரத்தோடு சமையலறைக்குள் போனவள் தயிர் கொண்டுவரவில்லை. நித்யஸ்ரீ உள்ளே போய் எடுத்து வந்திருக்கலாம். எழவில்லை. அம்மா வந்துவிடுவாள், வந்துவிடுவாள் என்று தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்புசெல்வி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு இலையை மடித்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள்.

கேட் வரைக்கும் நித்யஸ்ரீ கூடவே போனாள்.

"உன்னைய யாரும் ஒன்னும் சொல்லிரக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்."

"எனக்காகன்னா எங்கிட்டக் கேட்டிருப்பே." அன்புசெல்வி செருப்பை மாட்டிக்கொண்டாள். "நாளைக்கு ரயிலுக்கு நான் வரல. பஸ்ல போயிக்கறேன்."

"ரூம்ல இருப்பேல்ல?"

அன்புசெல்வி கேட்டைத் திறந்தாள். கம்பெனி வேன் ஒன்று கடந்துபோகும் வரை ஒதுங்கி நின்றுவிட்டு நடந்தாள்.

உள்ளே அன்புசெல்வியின் இலை அப்படியே கிடந்தது. விருந்தாளியை அந்த வீட்டில் இலை எடுக்க விடமாட்டார்கள். கையை வைத்தாலும் தடுத்துவிடுவார்கள். காலனிக்காரர்கள் மட்டும் தாங்களே எடுத்துப் போட வேண்டும். யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்களாகவே எடுப்பார்கள். அன்புசெல்விக்கும் அது தெரியும். தெரிந்தே விட்டுப் போயிருக்கிறாள்.

தெய்வாத்தாள் சமையலறை நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"படிச்ச புள்ள. இதுகூடத் தெரியலையாட்டிருக்குது," என்றாள். "பாத்திரம் தேய்க்கற சின்னத்தாய் காலைலதான் வருவா. அதுவரைக்கும் கெடக்கட்டுமா?"

நித்யஸ்ரீ இலையை எடுத்தாள். அன்புசெல்வி இருக்கும்போதே எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியபோது கையிலிருந்து குப்பைக் கூடைக்குள் நழுவிவிட்டது.

"அப்படியே குளிச்சுட்டு வந்துரு கண்ணு."

மாட்டேன் என்று சொல்லத்தான் திரும்பினாள். அம்மா கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நித்யஸ்ரீ குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தலைக்கு ஊற்றினாள்.

"ஷாம்பு இருக்குதா கண்ணு?" கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் பரிவாகக் கேட்டது.

"இருக்குதுங்ம்மா," என்றாள்.