சாமி முன்னால் வைத்த கோமாரி மருந்து

செவலைப் பசுவின் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. நாக்குத் தோல் உரிந்து பச்சைச் சதை தெரிந்தது. கட்டுத்தரை வேலைக்காரர் அங்கமுத்து பின்னங்காலைத் தூக்கிப் பிடித்து, குளம்பு இடுக்கிலிருந்து புழுக்களை இடுக்கியால் எடுத்து வேப்பெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். இந்துமதிக்குக் குமட்டியது. மாட்டு டாக்டருக்கு இரண்டாம் வருசம் படிக்கிற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றால் காங்கேயமே சிரிக்காதா?

இந்தக் கோமாரிக் கிருமியைப் பற்றி அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். உயிர் என்று சொல்லக்கூட லாயக்கில்லாத ஒரு துண்டு ஆர்.என்.ஏ. மாட்டின் செல்லுக்குள் புகுந்து, மாட்டின் சத்தை உறிஞ்சியே தனக்குப் புரதம் செய்துகொள்ளும். புரதக் கூறுகள் ஐந்தைந்தாக ஒட்டி ஒரு சில்லு, பன்னிரண்டு சில்லு கூடி ஆர்.என்.ஏ.வைப் பொதிந்த ஓர் உருண்டை ஓடு. கட்டிங் மாஸ்டர் இல்லை, டெய்லர் இல்லை, சூப்பர்வைசர் இல்லை. தானாகவே தேடிப் பொருந்திக்கொள்ளும். வேலம்பாளையத்தில் அப்பாவின் கம்பெனியில் ஒரு பனியன் தைக்க எத்தனை கத்தல்! இந்தப் பீடைக்கு ஒரு அதட்டல்கூடத் தேவையில்லை.

தடுப்பூசி மருந்தில் இருப்பதும் அதே ஓடுதான், செத்த கிருமியினுடையது. முழு ஓட்டைக் கண்டால்தான் மாட்டின் உடம்பு எதிரியை அடையாளம் வைத்துக்கொள்ளும். சூடு பட்டால் சில்லுகள் பிரிந்துவிடும். பிறகு ஊசி போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

போன மாதம் மருந்தை ஐஸ் பெட்டியில் வாங்கி வந்தவள் அவளேதான். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மாட்டுக்கு ஊசி ஆகாது என்றார் அப்பா திருமூர்த்தி. பிரிட்ஜில் ஆட்டுக்கறி இருந்தது. "மாட்டு மருந்தக் கறி பக்கத்துல வெக்காத கண்ணு, சாமி முன்னால வை" என்றார். ஊசி போடுகிறவர் வந்த வியாழன் காலைவரை பாட்டில்கள் அணையா விளக்கின் அனலில் உட்கார்ந்திருந்தன. அதையேதான் எல்லா மாட்டுக்கும் போட்டார்கள். கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவை எதிர்த்துப் பேசச் சோம்பல், ஒன்றும் ஆகாது என்று ஒரு மெத்தனம்.

இப்போது ஏழு மாடும் படுத்துவிட்டன. திருமூர்த்தி காரிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக அங்கமுத்துவின் மேல் பாய்ந்தார். "சந்தைக்குப் போயிச் சீக்கக் கட்டீட்டு வந்துட்டியல்லோ! கணக்க முடிச்சுக்கிட்டுக் கெளம்பு!"

"அப்பா, அவரு மேல தப்பில்லீங்க. மருந்து சூடுபட்டுக் கெட்டுப் போச்சு. விளக்குக்குப் பக்கத்துல நாந்தான் வெச்சேன், தெரிஞ்சே வெச்சேன்."

திருமூர்த்தி முகம் சிவந்தது. "சாமி முன்னால வெச்சது கெட்டுப் போவுமா? படிச்ச திமிரா?"

அங்கமுத்து இடுக்கியைக் கீழே வைத்தார். "வேண்டாங்க அம்மிணி. எனக்காவச் சாமி மேல பழி போடாதீங்க. நானே போயிக்கறனுங்க."

பதினெட்டு வருசம் சாணி அள்ளிய மனுசன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இந்துமதிக்கு நெஞ்சுக்குள் நிம்மதியாக இருந்தது. பழி தன்மேல் விழவில்லையே என்ற நிம்மதி. சீ! புழுவைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இப்படிக் குமட்டவில்லை.

"அங்கமுத்தண்ணா, நில்லுங்க!" என்று கத்தினாள். அவர் திரும்பவில்லை.

செவலை காலை உதறியது. குளம்புக்குள் புழு இன்னும் நெளிந்தது. எடுக்க வேறு ஆள் இல்லை. அவள் சாணியில் மண்டியிட்டு இடுக்கியை எடுத்தாள்.