கைக்குச் சொல்லாத பேர்

...ஈரம் படக்கூடாது என்று சொன்னதற்காக ஒரு வருஷமாகத் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் இந்தப் பொய்க்கையைக் கழற்றி மாடத்தில் சார்ஜ் போட்டு வைத்தேனே, அதையாவது இந்தப் பெண் குறித்துக்கொள்வாளா, கையை நன்றாகத்தான் வைத்திருந்தேன், ஒரு கீறல் இல்லை, ஆளைத்தான் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. இசைவாணி என் வலது கையை மேசையில் மல்லாத்திப் போட்டு ஒயரைச் செருகுகிறாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இந்த ஒற்றை அறை, ஜன்னலுக்குக் கீழே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டின் இரைச்சல், வெள்ளிமலையில் முதல் பஸ் பிடித்து அத்தனை வளைவும் இறங்கி வந்திருக்கிறேன். வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி என் வீட்டுக்காரரைப் பற்றித்தான், "தர்மன் மாமா வரலியாக்கா?" போன மாசம் போய்ட்டாரும்மா, நெஞ்சுல சளி கட்டிக்கினு, என்றேன். அவள்தான் அழுதாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது, பீடியை விடுய்யா விடுய்யா என்று எத்தனை தடவை சொன்னேன், கேட்டால்தானே.

சேகோ மில்லில் ஜவ்வரிசிக்குக் கிழங்கு அரைக்கிற மெஷின் என் கையைத் தின்ற பிறகு, சென்னையில் படிக்கிற இந்தத் தியாகதுருகத்துப் பெண்தான் தேடிவந்து இதை மாட்டிவிட்டாள், ஒரு வருஷம் வைத்துப் பாருங்கள், சோதனைதான் என்று. "கம்ப்யூட்டர்ல இல்லக்கா, இந்தத் தோல்லயே ஞாபகம் இருக்கும், நம்ம மூள மாதிரி. தொடத்தொடப் பதியும், தொடாம உட்டா கரைஞ்சிடும்." தொட வேண்டும், மணிக்கட்டில் பட்டனை அமுக்க வேண்டும், பேரைச் சொல்ல வேண்டும், அதுவும் என் குரலில் சொன்னால்தான் ஏறும். சாமை என்றேன், கல் என்றேன், சுடுதண்ணி என்றேன். கொஞ்ச நாளில் சாமையில் கைவைத்தால் மிச்சமிருக்கும் முழங்கையில் எறும்பு ஊர்ந்தது, கல் தட்டுப்பட்டால் சுள்ளென்றது. அப்புறம் ஒன்றையும் தொடாமல் சாமை என்று சொன்னாலே போதும், எறும்பு ஊரும்... அவர் சட்டையில் ஒளித்துவைக்கிற பீடிக்கட்டைக்கூடப் பழக்கிவிட்டேன், துணிக்கு மேலே தடவினாலே கண்டுபிடித்துவிடும். "போலீசு நாயி வெச்சிருக்கறா வூட்ல" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடுதான் ஒருநாள் கேட்டார், "அந்தக் கையால என்னத் தொட்டு என் பேரச் சொல்லேன், பார்ப்போம்." திருட்டு மனுஷன். இருபத்திரண்டு வருஷமாக என் வாயிலிருந்து வராத பேரை ஒரு மெஷினை வைத்து வாங்கப் பார்த்தார். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன், ஆஸ்பத்திரியில் நர்சம்மா கேட்டபோதுகூட முழித்துக்கொண்டு நின்றேன், பக்கத்துக் கட்டில்காரர்தான் எடுத்துச் சொன்னார். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தாள். சொல்லவே இல்லை, குறைந்துதான் போனது. "அது எந்திரம்யா, கரண்டு அடிச்சிடும்" என்று தள்ளிப் போட்டேன். பொய். எனக்குப் பயம். அவர் கன்னத்தைத் தொட்டு, மரவள்ளிக் கிழங்கைத் தொட்ட மாதிரியே அது சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன், மறுபடி எப்படி அவர் முகத்தைப் பார்ப்பேன்... அதனால் அவருக்கு எப்போதும் இடது கைதான். நெற்றியில் சூடு பார்த்ததும், கடைசியில் கண்ணை மூடிவிட்டதும் இடது கைதான்.

"நாப்பத்தோரு பேரு இருக்குக்கா," என்கிறாள் இசைவாணி, திரையைப் பார்த்துக்கொண்டே. "பேரே இல்லாம ஒண்ணு இருக்கு. அதுதான் எல்லாத்த விடவும் ஆழமா பதிஞ்சிருக்கு. டெய்லி அஞ்சு மணி வாக்குல, கை சார்ஜுல இருக்கசொல்ல."

"பூனையா இருக்கும்மா, மாடத்துல ஏறிப் படுத்துக்கினு இருக்கும்."

"பூனை இல்லக்கா. சொரசொரன்னு இருக்கு, உள்ள நாடி ஓடுது. அஞ்சு வெரலையும் கோத்துப் புடிச்சிருக்கு. கட்டவெரல்ல ஒரு வெடிப்பு." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "பட்டன அமுக்கிப் பேரும் சொல்லியிருக்காங்க, தெனமும். உங்க கொரல் இல்லல்ல, கை ஏத்துக்கல."

அந்த வெடிப்பு அவர் விரலில் கொடுவாள் பட்டது, வருஷா வருஷம் நான்தான் வேப்பெண்ணெய் தடவுவேன்... ஆக, நான் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்ற நேரமெல்லாம் இந்த மனுஷன் மாடத்துக்கு முன்னால் இருமிக்கொண்டு நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். என்ன பேர் சொன்னார், தன் பேரையா, என் பேரையா? என் குரல்தான் வேண்டும் என்று அவருக்குத் தெரியுமே, தெரிந்தே தினமும் எதற்குச் சொன்னார்? இந்தக் கையால் நான் தொடவே இல்லையே என்று ஒரு மாசமாக என்னையே தின்றுகொண்டிருக்கிறேன், என் கை தொட்டிருக்கிறது, நான்தான் அங்கே இல்லை.

"எப்பவும் போல பேர் சொன்னீங்கன்னா அந்தப் புடியத் திருப்பிக் குடுக்கும்க்கா," என்று கையைக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறாள். "தை மாசம் வர்ற புதுக் கையிலயும் ஏத்திடுவேன். பேர் இல்லன்னா முடியாது. இப்பவே பாதி கரைஞ்சிடுச்சி." பட்டனை அமுக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். சொல்கிறேன், முதல்முதலாக, "தர்மன்." எறும்பு ஊரவில்லை, சுள்ளென்று குத்தவில்லை, ஒன்றுமே வரவில்லை.

"கொரல் ஒத்துவரலக்கா. உங்க கொரல் இல்லன்னு சொல்லுது. பதறாதீங்க, சாமைன்னு சொல்லுவீங்கல்ல, அதே மாதிரி சொல்லுங்க."

சாமை என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்... இந்தப் பேரை நான் சொன்னால் என் குரல் எப்படி இருக்கும் என்று கைக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியாதே, அவருக்கும் கடைசிவரை தெரியாதே. பட்டன் அமுங்கியபடி இருக்கிறது. மறுபடி வாயைத் திறக்கிறேன்.