மடக்கு மேசையும் இரண்டு பொத்தான்களும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

இணைய ஏலத்தில் ஒரு மடக்கு மேசை எனக்கு விழுந்தது. மறுநாள் விற்பவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "மன்னிக்கவும். பொருள் உடைந்துவிட்டது. விற்பனை ரத்து." அன்று மாலையே அதே மேசை, அதே படங்களோடு, மறுபடியும் ஏலத்தில் நின்றது.

இப்படிப் பின்வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். இன்னும் நல்ல விலை கிடைக்கும் என்று தோன்றினால் போதும், பொருள் உடைந்துவிடும், தொலைந்துவிடும், நாய் கடித்துவிடும். அப்படி ஒருவனைப் பிடித்துக் கதைக்குள் போட்டு நாலு சாத்து சாத்தலாம் என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்பது பொய். நின்றேன். இந்தக் கதை துணி தேய்க்கும் பலகையின் மேல் எழுதப்படுகிறது. நான் நின்றுகொண்டு எழுதுகிறேன். பலகை ஆடுகிறது. எனக்கு ஒரு மேசை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

(என்னைப் பற்றி ஒரு வரி, பிறகு தொந்தரவு செய்ய மாட்டேன்: ஒரு கிடங்கில் இரவுக் காவல் வேலை பார்த்தேன். ஆளில்லாத தாழ்வாரங்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கச் சம்பளம் கொடுத்தார்கள். பாதியில் விட்டுவிட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை.)

2

முதல் தொடக்கம்: "பேராசைக்காரன் ஒருவனிடம் ஒரு மேசை இருந்தது." பாடப்புத்தகத்தில் வரும் நீதிக்கதை மாதிரி இருக்கிறது. அடித்தேன்.

இரண்டாவது: "அவன் தன் கொழுத்த விரல்களால் மேசையைத் தடவி"

இங்கே நின்றுவிட்டேன். விரல் என்று எழுதியதும் அந்தப் படங்கள் நினைவுக்கு வந்தன.

ஏலப் பக்கத்தில் மேசையை அழகாகக் காட்டும் படம் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் குறைகள். மூலையில் தண்ணீர்க் கறை, கீலில் துரு, மேல்பரப்பில் கத்திக் கீறல். ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் ஓர் ஆணின் கட்டைவிரல். நகம் பாதி கறுத்திருந்தது, எதிலோ நசுங்கியதுபோல. கீழே எழுதியிருந்தது:

"தேக்கு இல்லை. தேக்கு மாதிரி. இடது பின்கால் ஆடும். குறை தெரிஞ்சு வாங்குங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

இப்படி எழுதுகிறவன் பொய் சொல்லி ஏன் பின்வாங்க வேண்டும்? என் வில்லன் சரியாக நிற்கவில்லை. அவனுக்கும் ஒரு கால் ஆடியது.

3

ஆனால் அதற்குள் நான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டிருந்தேன். தளத்தில் புகார் கொடுத்தேன். விற்பவர் பெயருக்குக் கீழே வாங்கியவர் கருத்து எழுத ஓர் இடம் இருக்கிறது. அதில் ஒரே சொல் எழுதினேன்: "பொய்யன்."

பிறகு, விற்பனை விவரத்தில் இருந்த என் எண்ணுக்கு ஒரு பெண் போன் செய்தார்.

"நீங்கதானே எங்கண்ணன பொய்யன்னு எழுதின ஆளு?"

"மேசை உடைஞ்சிருச்சுன்னு எழுதினாரு. உடனே திரும்ப விக்கறாரு. வேற என்னன்னு எழுதறது?"

"அவரு எழுதல. அவரு செத்துட்டாரு."

"எப்போ?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது.

"உங்களுக்கு மேசை விக்கறதுக்கு முன்னாடி."

4

மறுநாள் மதியம் அவர் சொன்ன வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. இறந்தவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. (இது என் கற்பனை இல்லை. கற்பனையாக இருந்தால் இதைவிட நன்றாகச் செய்திருப்பேன்.)

நடுக்கூடத்தில் மேசை விரித்துக் கிடந்தது. அதன் மேல் மடிக்காத துணி, சார்ஜில் ஒரு பழைய போன். மேசைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி. இந்தப் பக்கம் என்னை அழைத்த நாத்தனார், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல்.

"பாருங்க சார், எங்கயாவது உடைஞ்சிருக்கா? வேணும்னா ஏறி நில்லுங்க."

"ஏறாதீங்க தம்பி. கால் ஆடும்," என்றார் மனைவி.

"ஆடறத ஆடும்னு சொல்லி வித்த மனுஷன் அண்ணி அவரு! கம்பெனில பழுத போட்டோ எடுக்கும்போது அளவு தெரியணும்னு விரல வெப்பாங்களாம். வீட்டு மேசைக்கும் அதையே செஞ்சாரு. ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்ல. இப்ப வரிசையா எழுதறாங்க. ஏமாத்துக்காரன், ஃபிராடு. இந்த சார் வந்து பொய்யன்னு முடிச்சு வெச்சிருக்காரு. ஆபீஸ்ல ஒருத்தி போன நீட்டி, 'இது உங்கண்ணன்தானே'ங்கறா. நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

"உன் மூஞ்சிய உன்கிட்டயே வெச்சுக்க."

நான் சிரித்துவிட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நிறுத்திக்கொண்டேன்.

நடந்தது இதுதான். ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் மாரடைப்பில் போய்விட்டார். ஏலப் பக்கம் மட்டும் போகவில்லை. விற்காத பொருளைத் தளம் தானாகவே மறுபடி ஏலத்தில் வைக்கும், அப்படி அமைத்திருந்தார். யாருக்காவது விழுந்தால் மனைவி ரத்து செய்வார். காரணம் கேட்கும் பட்டியலில் உடைந்துவிட்டது, தொலைந்துவிட்டது, விலை தவறு என்று மூன்றுதான் இருக்கின்றன. அந்த அம்மா எப்போதும் முதலாவதைத் தொடுவார். பக்கம் திரும்பவும் உயிர்பெறும்.

(இங்கே அந்த முதலாவது காரணத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அழகாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

"பக்கத்த அப்படியே போட்டோ எடுத்து வெச்சுக்கலாமே?" என்றேன்.

"எடுத்து வெச்சிருக்கேன் தம்பி. அது சும்மா கெடக்கு. இது அப்படி இல்ல." போனைக் காட்டினார். "இது அடிக்கும். 'அண்ணே, மேசை மழையில நனைஞ்சதா'ன்னு ஒருத்தர் கேப்பாரு. 'சார், நாலு பேரு உக்காரலாமா'ன்னு ஒரு பொண்ணு கேக்கும். நான் அவரு மாதிரியே பதில் போடுவேன். தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அவரு இல்லன்னு தெரியும். இதுல வந்து கேக்கறவங்களுக்குத்தான் தெரியாது."

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

5

தளத்தின் விதி எளிது. என் புகார் இன்னும் திறந்திருக்கிறது. என் திரையில் இரண்டு பொத்தான்கள்.

"பொருள் கிடைத்தது" என்பதை அழுத்தினால் விற்பனை முடிந்ததாகக் கணக்கு. அவர் பெயருக்குக் கீழே நான் எழுதிய சொல் அழியும். இந்த மேசைக்காகப் பின்வாங்கியதாக மற்றவர்கள் எழுதியதும் அழியும். பெயர் பழையபடி சுத்தமாகும். பக்கம் மறைந்துவிடும். மேசை என்னுடையது.

"புகாரை விலக்கிக்கொள்கிறேன்" என்பதை அழுத்தினால் பக்கம் இருக்கும். பெயருக்குக் கீழே பொய்யனும் இருப்பான். எழுதியதைத் திருத்த வேறு வழி கிடையாது. கேட்டுப் பார்த்தேன். அங்கே மனிதர்கள் யாரும் பதில் எழுதுவதில்லை.

இப்போது நாத்தனாரைக் கல்நெஞ்சக்காரியாக எழுதிவிட்டால் என் வேலை சுலபம். முயன்றேன். "மானம் ஒன்றையே கட்டிக்கொண்டு அழும் அவள்" என்று தொடங்கி ஒரு பத்தி. ஆனால் கிளம்பும்போது அவர் படி இறங்கிக் கூடவே வந்தார். இரண்டாவது மாடியில் நின்று சொன்னார்:

"வீடு, போன், மேசை எல்லாம் அண்ணிக்கு. இருக்கட்டும், அதான் நியாயம். எனக்கு மிச்சம் இருக்கறது அவரு பேரு ஒண்ணுதான் சார்."

அந்தப் பத்தி போயிற்று.

மேலே அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் செருப்பு போடும்போது கேட்டார்.

"உங்களுக்கு மேசை ரொம்ப அவசியமா தம்பி?"

அவசியம் என்றால் கொடுத்துவிடுவார் போலிருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "பாக்கலாம்மா" என்றேன். கோழை பேசும் பேச்சு.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: மேசையைத் தூக்கி வருகிறேன். அதில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒருத்தியின் கூடத்தில் மேசை அளவுக்கு வெற்றுத் தரை. அந்த வெற்றுத் தரையைப் பற்றி நான் நல்ல கதை எழுதுவேன் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே இந்த முடிவைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

முடிவு இரண்டு: புகாரை விலக்குகிறேன். தங்கை அலுவலகத்தில் யாரோ போனை நீட்டும்போதெல்லாம் என் சொல்லை அவள் படிக்க

முடிவு மூன்று: இரண்டு பெண்களும் அந்த மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சமாதானமாகிறார்கள். இதை எழுதும்போதே கூச்சமாக இருந்தது. செத்தவருக்காக ஆளுக்கொரு விதமாக அழுகிறவர்கள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டதும் சேர்ந்துவிட மாட்டார்கள்.

நாலாவது ஒன்று வேண்டும் என்று பலகையின் முன் நின்றுகொண்டே இருந்தேன். வரவில்லை. எழுதுகிறவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் பக்கத்தைத் திறந்தேன். ஏலம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கீழே கேள்வி கேட்கும் இடம். பெயர் கேட்காது, யாரும் கேட்கலாம். தட்டினேன்:

"அண்ணே, இடது பின்கால் ஆடும்னு போட்டிருக்கீங்க. எழுதினா கை ஆடுமா?"

கேட்டது நான் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தும் இருக்கலாம். இந்தப் பாத்திரத்தை நான் எழுதுகிறேன் என்ற நினைப்பெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது.

துணி உலர்த்தப் போய்விட்டு வந்தேன். பதில் வந்திருந்தது.

"எழுதிப் பார்த்ததில்லை. ரெண்டு பேரு சாப்பிட்டிருக்கோம். தண்ணி தளும்பும், சிந்தாது."

செத்தவர் எழுதியதுபோலத்தான் இருந்தது. குறையை முதலில் சொல்லிவிடுகிற பதில்.

கதையை இங்கே முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் பொத்தான்கள் இரண்டும் இன்னும் திரையில் இருக்கின்றன. புகாருக்குக் கெடு முடியப்போகிறது என்று தளம் நினைவூட்டுகிறது. யாரும் எதையும் அழுத்தாவிட்டால் விற்பவரின் கணக்கையே மூடிவிடுவார்களாம். பக்கமும் போகும், பெயரும் போகும்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். அந்த அம்மாவைப் பார்த்தாயிற்று, தங்கையைப் பார்த்தாயிற்று, என்னையும் பார்த்தாயிற்று. திரையை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

மெதுவாகத் தொடுங்கள். பலகை ஆடும்.