வேல் 108

பழைய கார் வைத்திருப்பவர்கள் அதைத் துடைப்பார்கள், மினுக்குவார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே எடுத்து நாலு பேருக்குக் காட்டுவார்கள். கும்பிடமாட்டார்கள். கனடாவில், ஸ்காபரோ மோர்னிங்சைட்டில் குலசிங்கம் வீட்டில் மட்டும் அதுவும் நடந்தது. கும்பிட்டது அவரல்ல, அவருடைய மனைவி மங்கையற்கரசி. கும்பிடப்பட்டது காருமல்ல, காரின் முன்னால் பூட்டியிருந்த கறுப்பு நம்பர் தகடு.

கார் 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். இங்கிலாந்தில் இருந்த காலத்தில், போர்ன்மத் என்ற கடற்கரை ஊரில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம் வாங்கியது. பார்க்கப்போன அன்று குலசிங்கம் எஞ்சினைப் பார்த்தார், அடியில் கறள் பிடித்திருக்கிறதா என்று நிலத்தில் படுத்துப் பார்த்தார். மங்கையற்கரசி நம்பரைப் பார்த்தாள். கறுப்புத் தகட்டில் வெள்ளி எழுத்தில் VEL 108 என்று இருந்தது. வேல், அதற்குப் பக்கத்தில் நூற்றெட்டு. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தால் வேறென்ன செய்வது? நின்ற இடத்திலேயே கைகூப்பினாள். அதோடு குலசிங்கத்துக்கு விலை பேசுகிற வாய்ப்பும் போயிற்று.

உண்மையில் அந்த எழுத்துகளுக்கும் முருகனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலேய நம்பரில் கடைசி இரண்டு எழுத்தும் பதிந்த ஊரைச் சொல்லும். ஈயும் எல்லும் வந்தால் போர்ன்மத். முன்னால் நின்ற வீ, வரிசையில் முறை வந்ததால் வந்தது. இதைக் குலசிங்கம் பொறுமையாக விளக்கியபோது, வரிசையை அப்படி வரப்பண்ணியது யார் என்று அவள் கேட்டாள். கலியாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்தவர்களுக்கு அடுத்த ஆண்டே மகள் பிறந்ததும் அவருடைய கட்சி முற்றாகத் தோற்றது. மயூரி என்று பெயர் வைத்தார்கள். தானும் கொஞ்சம் பாடுபட்டதாகக் குலசிங்கம் சொல்லிச் சிரிப்பார். புகழ் முழுக்கத் தகட்டுக்குத்தான் போனது.

தொண்ணூற்றொன்றில் கனடாவுக்கு இடம்பெயர்ந்தார்கள். தாயும் மகளும் முதலில் வந்துவிட்டார்கள். காரைக் கப்பலில் ஏற்றிவிட்டு வருவதென்று குலசிங்கம் லண்டனில் தங்கினார். கப்பல்காரர் கேட்ட காசு அவரிடம் இல்லை. நண்பர் அகஸ்ரின்தான் வழி சொன்னார். அந்த நாட்டில் நம்பர் காரோடு பிறந்து காரோடு சாவது. ஆனால் விரும்பினால் அதை மட்டும் பிரித்து இன்னொரு காருக்கு விற்கலாம். ஆண்டைக் காட்டும் எழுத்து இல்லாத பழைய நம்பர்களை, தங்கள் பெயரின் முதலெழுத்துகள் பொருந்துகின்றன என்று ஆசைப்பட்டு வாங்குவதற்கு ஆட்கள் இருந்தார்கள். நம்பரை இழந்த காருக்கு அதன் வயதுக்கேற்ற வேறொரு நம்பரை அரசாங்கம் கொடுத்துவிடும்.

குலசிங்கம் விற்றார். யார் வாங்குகிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு ஒரு கடையில் அச்சொட்டாக அதே மாதிரி ஒரு கறுப்புத் தகடு அடிப்பித்துப் பூட்டினார். ஒன்ராறியோ மாகாணத்தில் எப்படியும் அந்த ஊர் நம்பர்தான் செல்லும், இது வெறும் அலங்காரத்துக்குத்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுசனுக்கு அந்த நேரத்தில் சோறு போதும்போலத்தான் இருக்கும்.

கார் வந்திறங்கிய அன்று, தகடு புதிதுபோல மினுங்குவதை மங்கையற்கரசி கவனித்தாள். பொலிஷ் போட்டதாக அவர் சொன்னார். தனக்காக அவ்வளவு மினக்கெட்டிருக்கிறாரே என்று அவள் கண்கலங்கினாள். அன்று தொடங்கியது அவருக்குச் சனியன்.

வெள்ளிக்கிழமைகளில் தகட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்து ஒரு பூவும் செருகுவாள். பக்கத்து வீட்டு யோகமலர் மகனுடைய சோதனைக்கு முன்னால் வந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவாள். பெடியன் பாஸ் பண்ணியும் தொலைத்தான். மங்கையற்கரசி கற்பூரம் கொளுத்துகிற நேரமாகப் பார்த்துக் குலசிங்கத்துக்கு நிலவறையில் ஏதாவது வேலை வந்துவிடும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருடையது தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில் இருந்து குறுகுறுத்தது. இங்கே நம்பர் ஆளுக்குச் சொந்தம், காரை விற்றால் தகட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம், இன்னொருவருக்கு விற்கத்தான் முடியாது. அங்கேயும் அப்படி இருந்திருந்தால் இந்தப் பாவத்தைச் செய்யவே வழி இருந்திராது என்று அவர் ஒன்ராறியோ அரசாங்கத்தை மெச்சிக்கொள்வார். தன்னை விட்டுவிட்டு இங்கிலாந்துச் சட்டத்தைக் குறை சொல்வது சுகமான வேலை.

தொண்ணூற்றாறு புரட்டாதியில் மங்கையற்கரசிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் அது நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றார் டாக்டர். அவள் கலங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு மொறிஸில்தான் போவேன் என்று மட்டும் சொன்னாள். வாசல்வரை வேல் வந்தால் போதும், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான் என்றாள். அவளுடைய தைரியத்தைப் பார்க்கப் பார்க்கக் குலசிங்கத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சத்திரசிகிச்சை நாளன்று காலை மயூரியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிற கார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் காரில் இருந்தவர்கள், கனடாவில் ஓட்டுகிறவர் இருக்கிற இடப்பக்கத்தில் ஸ்டியரிங் இல்லாமல் மடியில் பையோடு நிம்மதியாக இருந்த மங்கையற்கரசியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது எப்போதும் சிரிப்பு. அன்றும் சிரித்தாள். ஆஸ்பத்திரிக் கார்ப் பார்க்கில் திரும்பும்போதுதான் அதைச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, எனக்கு ஏதும் நடந்தால் காரை வித்தாலும் பரவாயில்லை. நம்பரை மட்டும் விக்காதேங்கோ. அது மயூரிக்கு."

குலசிங்கம் காரை நிறுத்தினார். எஞ்சினை நிறுத்த மறந்துபோனார்.

"மங்கை, அது எப்பவோ வித்தாச்சு. கப்பலுக்குக் காசில்லாமல் லண்டனிலையே வித்துப்போட்டன். உது நான் அடிப்பிச்ச தகடு."

சொன்னதும் ஐந்து வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. மூச்சு தாராளமாக வந்தது. வெட்கக்கேட்டைச் சொல்வானேன், அந்த மனுசனுக்கு அந்த இடத்தில் ஒரு சந்தோசம்கூட வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் அழவில்லை, ஏசவில்லை. மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்ப சொன்னனீங்கள்?"

"இனியும் மறைக்க ஏலாமல் போச்சு."

"உங்களுக்குப் பாரம் இறங்கியிட்டுது. நான் அதையும் தூக்கிக்கொண்டெல்லோ உள்ளுக்குப் போகவேணும். நாளைக்குச் சொல்லியிருக்கலாம்."

கதவைத் திறந்து இறங்கினாள். காரின் முன்னால் போகாமல் பின்பக்கத்தால் சுற்றி நடந்தாள். குலசிங்கம் எஞ்சினை நிறுத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்தபோது அவள் தாதியிடம் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காத்திருக்கும் அறையில் அவர் முருகனைக் கும்பிடப் பார்த்தார். எந்த முகத்தோடு கூப்பிடுவது? வாழ்க்கை முழுக்கத் துணிவாக இருந்த ஒருத்தியின் கையிலிருந்த ஒரே ஊன்றுகோலை, தன் நெஞ்சு லேசாகவேண்டும் என்பதற்காக வாசலில் வைத்துப் பிடுங்கிவிட்டாரே. பொய் சொன்னதைவிட உண்மை சொன்னதுதான் இப்போது சுட்டது.

டாக்டர் வெளியே வந்து, கட்டி கெட்ட சாதி இல்லைப்போலத் தெரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னபோது குலசிங்கம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மங்கையற்கரசி கண் விழித்தபோது பின்னேரம் ஆகியிருந்தது. அவர் ஒரு பேச்சைத் தயாராக வைத்திருந்தார். அகஸ்ரினுக்கு இன்றைக்கே போன் எடுப்பதாகவும், வாங்கியவனைத் தேடிப்பிடித்து நம்பரைத் திருப்பி எடுத்துத் தருவதாகவும் சொன்னார். அவள் வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் அவர், "பயந்தனீரோ?" என்று கேட்டார்.

"ஓம்." அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாள். "மயூரி பிறக்கேக்கையும் பயப்பிடேல்லை. பாசை தெரியாத ஊருகளிலை வந்து இறங்கேக்கையும் பயப்பிடேல்லை. இண்டைக்குத்தான் பயந்தன். தனியப் போனனான்."

நீங்கள் வாசலில் நின்றீர்களே என்று அவள் சொல்லுவாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தார். சொல்லவில்லை. தண்ணீர் கேட்டாள். இன்னும் கொடுக்கக்கூடாது என்று தாதி சொல்லியிருந்தபடியால் அதையும் அவரால் கொடுக்க முடியவில்லை.