நல்ல செய்தி மட்டும் ஏறும் வேன்

"அம்மா யாரு?" என்று ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண் மலாயில் கேட்டாள். நான் பக்கத்தில் நின்ற அமுதவள்ளியை முழங்கையால் முன்னே தள்ளிவிட்டு, "இவங்கதான், இவங்கதான் அம்மா" என்றேன். உள்ளே, அந்தப் பெரிய கதவுக்குப் பின்னால், என் மூன்றாம் ஆண்டு வகுப்புப் பிள்ளை சுரேகா நினைவில்லாமல் கிடந்தாள். தலையில் ஸ்கேன் எடுக்கவேண்டும், பெற்றவர் கையெழுத்து வேண்டும், அடையாள அட்டை ஐசியைக் கொடுங்கள் என்று அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அமுதவள்ளி கைப்பையைத் திறந்தார். ஐசியை எடுத்தார். திரும்ப உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தார். எனக்கு வந்த எரிச்சலில் அந்தப் பையைப் பிடுங்கியே இருப்பேன். "என்னக்கா, நேரமாகுது, குடுங்க லா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கவுண்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டீச்சர், நான் சுரேகாவோட அம்மா இல்ல. நான் ஸ்கூல் வேன் ஓட்டுறேன்."

இந்த ஆண்டு இரண்டு பெற்றோர் நாளிலும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர் இவர்தான். மாம்பழ நிறச் சேலை, தலையில் மல்லிகைச் சரம், நான் சொன்னதற்கெல்லாம் கண் கலங்கத் தலையாட்டிவிட்டு, மதிப்பெண் அட்டையில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுப் போனவர். "பிள்ளை அப்படியே உங்க ஜாடைதான்க்கா" என்று வேறு நான் சொல்லித் தொலைத்திருக்கிறேன். அதற்கு இந்த மனுஷி வெட்கப்பட்டுச் சிரித்தார்! பள்ளி வேன்களெல்லாம் பின் கேட்டில் நிற்கும், நாங்கள் ஆசிரியர்கள் முன் கேட்டில் காரை நுழைப்போம். பின் கேட்டில் தொப்பியும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையுமாய் வெயிலில் நிற்கிற வேன்காரர்களை யார் முகம் பார்த்து வைத்திருக்கிறார்கள்? நான் வைத்திருக்கவில்லை. கவுண்டர் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டாள்.

துணைத் தலைமையாசிரியர் விஜயன் சாருக்குப் போன் போட்டேன். "சார், சுரேகா அம்மான்னு வந்தாங்களே அமுதவள்ளி, அவங்க அம்மாவே இல்லையாம் சார்!" "என்ன டீச்சர் உளர்றீங்க? அமுதவள்ளி எப்படி சுரேகா அம்மா ஆவாங்க? அவங்க அஞ்சாம் ஆண்டு பிரவினோட அம்மா லா. போன மாசம்கூட என் ரூம்ல வந்து உட்கார்ந்து பேசிட்டுப் போனாங்க." நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அமுதவள்ளியைப் பார்த்தேன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். "ஜீவன்னு இன்னொரு புள்ளைக்கும் நான்தான் அம்மா டீச்சர்" என்றார் மெல்ல. எங்கள் பள்ளி வாசலில் பெற்றோரும் ஆசிரியரும் கைகோத்து நிற்கிற படத்தைப் போட்டு ஒரு பேனர் தொங்குகிறது. அட ராமா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சுரேகா கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றது. அவள் அப்படித்தான், அடிக்கடி நின்றுபோவாள். கண் எங்கேயோ குத்திட்டு நிற்கும், கூப்பிட்டாலும் திரும்பாது, பிறகு தானாகவே விட்ட இடத்திலிருந்து தொடருவாள். வகுப்பில் அதற்குக் 'கனவு' என்று பெயர். இன்றைக்கும் பிள்ளைகள் "டீச்சர், சுரேகா கனவுக்குப் போயிட்டா" என்று சிரித்தார்கள். நான் பெயரைச் சொல்லி அதட்டினேன். அதட்டி வாய் மூடவில்லை, கட்டை சாய்ந்தமாதிரி விழுந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை. சிற்றுண்டிச்சாலை ஆன்டி ஒருத்தர் ஓடிவந்து சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். "இரும்பு குடுத்தா நிக்கும் டீச்சர்" என்றார். நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தச் சாவிக்கொத்து சிமென்ட் தரையில் கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. பள்ளியில் பதிந்திருந்த நம்பருக்கு அடித்தோம். அமுதவள்ளி எடுத்தார், அந்த அவசரத்திலும் சேலை கட்டிக்கொண்டு பறந்து வந்தார். அது அவர் நம்பராம். அவர் வேனில் வருகிற எல்லாப் பிள்ளைக்கும் அவர் நம்பர்தான் கொடுத்திருக்கிறதாம்.

"அம்மாகாரி எங்கே?" என்றேன். குரலில் மரியாதையெல்லாம் போய்விட்டது.

"கப்பார்ல கையுறைக் கம்பெனி. லைன்ல போன் வெச்சுக்க விடமாட்டான் டீச்சர், லாக்கர்ல பூட்டிருவாங்க. அப்பா ஜொகூர் பக்கம் லோரி ஓட்டறாரு. நான் வர்ற வழியிலேயே கம்பெனி வாசல் காவல்காரன்கிட்ட போன்ல சொல்லிட்டேன். வந்துகிட்டிருக்கா."

"அம்மா இல்லன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"வேன்காரின்னு சொன்னா என்னை உட்கார வெச்சுப் பேசுவீங்களா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். "மொத தடவை வேற ஒரு புள்ளைக்கு அப்படிச் சொன்னேன். பெத்தவங்க வந்தாத்தான் மார்க் அட்டை குடுப்போம்னு அனுப்பிட்டாங்க. அந்தப் புள்ள அட்டை இல்லாம என் வேன்ல அழுதுகிட்டே வந்துச்சு. அடுத்த தடவை சேலை கட்டிக்கிட்டுப் போனேன். யாரும் ஒண்ணும் கேக்கல. லீவு போட்டா அந்தக் கம்பெனியில முழு மாச வருகை அலவன்ஸும் போயிரும் டீச்சர். எங்க ஃபிளாட்ல பாதிப் பேரு அங்கதான் வேலை செய்யறாங்க."

அது இருக்கட்டும். எனக்கு வேண்டியது வேறு. நான் இந்த மனுஷியிடம் இரண்டு தடவை தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை அடிக்கடி நின்றுபோகிறாள், டாக்டரிடம் காட்டுங்கள் என்று. இரண்டாம் தடவை கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அதை அவளுடைய அம்மாவிடம் சொன்னாரா இல்லையா? அமுதவள்ளி கைப்பை ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்காத குறை. "சொன்னீங்களா இல்லையாக்கா?"

"சொல்லல டீச்சர்."

அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னதைக் கேட்டு நான் ஆடிப்போய்விட்டேன். முன்பு ஒரு பையன் விஷயத்தில், டீச்சர் சொன்ன குறையை ஒன்றுவிடாமல் அப்பனிடம் ஒப்பித்திருக்கிறார். மறுநாள் அந்தப் பையன் வேனில் ஏறுகிறான், சீட்டில் உட்கார முடியவில்லை அவனால். தகப்பன் ரப்பர் குழாயால் வெளுத்திருக்கிறான். "அன்னிக்கு முடிவு பண்ணேன் டீச்சர். ஸ்கூல்லருந்து நல்ல செய்தி மட்டும்தான் என் வேன்ல ஏறும். நல்லா படிக்கிறான், டீச்சர் பாராட்டினாங்க, அவ்வளவுதான். அந்தப் பொம்பளைங்க ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அதைக் கேட்டாங்கன்னா முகம் எப்படி மாறும் தெரியுமா? சுரேகாவோட அம்மா குமுதாகிட்டயும் அதான் சொன்னேன். ஆனா நான் சும்மா இருக்கல. நீங்க சொன்னதும் நானே புள்ளைய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, பயந்திருக்கான்னு சொல்லி மந்திரிச்சு, கையில கறுப்புக் கயிறு கட்டி விட்டேன்." சுரேகாவின் கையில் அந்தக் கயிற்றை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் கவனிக்கிறார்கள், நான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். பாவி மனுஷி! திட்டுவதற்கு வாயில் நிறைய வந்தது. எதைச் சொல்லித் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

குமுதா ஓடிவந்தாள். நீலக் கம்பெனிச் சட்டை, நெற்றியில் தலைமுடி வலை அழுத்திய தடம், விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. என் வயதில் பாதிதான் இருக்கும். என்னைத் தாண்டி நேராக அமுதவள்ளியிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கவுண்டரில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். "நீங்க யாருங்க ஆன்டி?" என்று கேட்டாள். என் வகுப்புப் பிள்ளையைப் பெற்றவள், நான் யாரென்று கேட்கிறாள்! "உஷாராணி டீச்சர்" என்று அமுதவள்ளி சொன்னதும் அவள் பதறிக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அக்கா உங்களப் பத்தி நிறைய சொல்லுவாங்க டீச்சர். எம்புள்ள மேல ரொம்ப ஆசையா இருப்பீங்களாம்." நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

ஸ்கேன் முடிந்து டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். சின்ன வயது மலாய்ப் பெண். ஒருத்தர் போதும் என்றார். குமுதா எங்கள் இரண்டு பேர் கையையும் விடவில்லை, மூன்று பேருமே போனோம். இழுப்பு நின்றுவிட்டது, மருந்தில் தூங்குகிறாள் என்றார் டாக்டர். குமுதா அங்கேயே மேசையில் தலையைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா?" என்று கேட்டார். குமுதா உடனே, இல்லவே இல்லை, எம்புள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது என்றாள். டாக்டர் விடவில்லை. அசையாமல் வெறித்துப் பார்ப்பாளா? நான் ஆமாம் என்றேன். வகுப்பில் தினமும், சில நாள் பல தடவை. குமுதா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். நினைவில்லாமல் சிறுநீர் போவதுண்டா? "வேன்ல சீட்டு நனைஞ்சிருக்கு" என்றார் அமுதவள்ளி. "தண்ணி போத்தல் சிந்திருச்சுன்னு புள்ள சொல்லும். வெட்கப்படுதேன்னு நானும் தொடைச்சு விட்டுட்டு ஒண்ணும் கேக்க மாட்டேன்." இப்போது திரும்பிப் பார்த்தது நான். எனக்கு அது தெரியவே தெரியாது. குமுதா நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டாள். "வீட்டுல தட்டைக் கீழ போட்டுருவா டாக்டர். சோறு வாயில இருக்கும், அப்படியே உட்கார்ந்திருப்பா. ஸ்கூல்ல நல்லா படிக்கிறவ, வீட்டுல மட்டும் இப்படிச் செய்யறாளே, என்கிட்ட திமிரு காட்டறான்னு…" அவள் முடிக்கவில்லை. தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். அடித்திருக்கிறாள். அது எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்து அவளே, "கையில கயிறு பாத்தேன். பள்ளிக்கூடத்துல பூஜை வெச்சுக் கட்டினாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க மூணு பேரும் ஒரே பிள்ளையைப் பத்தித்தான் பேசறீங்களா?" என்று கேட்டார்.

அந்த வெறித்த பார்வை, அந்த ஈரம், அந்தத் தட்டு எல்லாமே வலிப்புத்தான் என்றார் அவர். சின்னச் சின்ன வலிப்பு. நாளெல்லாம் வந்துகொண்டிருந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே கொண்டுவந்திருந்தால் மருந்திலேயே அடங்கியிருக்கலாம், இன்றைக்கு இப்படி விழுந்திருக்க வேண்டியதில்லை. இனி என்ன ஆகும் என்று குமுதா கேட்டாள். இப்போதே சொல்ல முடியாது, பார்க்கவேண்டும், எப்போது வருகிறது எத்தனை தடவை வருகிறது என்று யாராவது கூடவே இருந்து கவனிக்கவேண்டும் என்றார். கூடவே இருப்பது யார்? நான் பாதி நாள் இருக்கிறேன், அமுதவள்ளி வேனில் கொஞ்ச நேரம், குமுதா ஷிஃப்ட் இல்லாத நேரம். நான் அதட்டிய அதட்டல் மட்டும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. வலிப்பில் இருந்த பிள்ளையையா நான் அதட்டினேன்?

வெளியே வந்ததும் குமுதா நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். "ஏன்க்கா?" என்றாள் அமுதவள்ளியிடம். சத்தம்கூடப் போடவில்லை. "நல்லா படிக்கிறான்னு சொன்னீங்களே. நான் அதை நம்பித்தானே அவளை அடிச்சேன்." அமுதவள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். பிறகு குமுதா என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், நீங்க ஒரு நாளாச்சும் வீட்டுப் பக்கம் வந்திருக்கலாம்ல. எங்க ஃபிளாட் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலதான் இருக்கு." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீ ஒரு நாள் வந்திருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளைக் கையுறைப் பவுடரைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன்.

பிள்ளை கண் முழித்துவிட்டாள் என்று தாதி வந்து கூப்பிட்டாள். குமுதா இரண்டடி வைத்துவிட்டு, திரும்பி வந்து, தரையில் இருந்த அமுதவள்ளியைக் கைகொடுத்துத் தூக்கினாள். மன்னித்துத்தான் தூக்கினாளா, தனியாகப் போகப் பயந்து தூக்கினாளா, எனக்குத் தெரியாது.

கட்டிலில் அவ்வளவு சின்னதாகத் தெரிந்தாள் சுரேகா. கையில் ஊசி, நெற்றியில் விழுந்த இடத்தில் வீக்கம். குமுதா ஒரு பக்கம் போய்க் குனிந்தாள், அமுதவள்ளி கால்மாட்டில் நின்றார், நான் இன்னொரு பக்கம். "அம்மா, தாகமா…" என்று ஆரம்பித்தாள். அப்படியே நின்றுபோனாள். கண் கூரையில் குத்திட்டது, உதடு லேசாக அசைந்தது. நான் பார்த்ததுதான், அமுதவள்ளி பார்த்ததுதான், குமுதா பார்த்ததுதான். மூன்று பேரும் ஒன்றாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. யாரும் கூப்பிடவில்லை, யாரும் அதட்டவில்லை. குமுதாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. "…இருக்கு" என்று முடித்தாள் பிள்ளை.

அப்புறம்தான் எங்களைச் சரியாகப் பார்த்தாள். அம்மாவை, வேன் ஆன்டியை, என்னை. மறுபடியும் அம்மாவை. முகம் வெளிறிப்போய்விட்டது.

"எல்லாரும் ஏன் ஒண்ணா வந்திருக்கீங்க?" என்றாள். "நான் என்ன தப்பு பண்ணேன்?"

ஊசி குத்தியிருந்த கையாலேயே ஆஸ்பத்திரிப் போர்வையைப் பற்றி, கண்ணுக்குக் கீழ்வரை இழுத்து மூடிக்கொண்டாள்.