அறைகளுக்கும் ஆபீசுக்கும் நடுவே

முதியோர் இல்லத்தின் நெட்வொர்க்கை இரண்டாகப் பிரித்துத் தருகிறேன் என்று சின்னவள் தானாகத்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். ஊரிலிருக்கும் கம்பெனிகளுக்கெல்லாம் அதைத்தானே செய்கிறாள், பெற்ற தாய் இருக்கிற இடத்துக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? யாரோ ஒருவரைப் பார்க்க வந்த பேரன், விளையாட்டு இறக்குகிறேன் பேர்வழி என்று வைரஸை இறக்க, அது ஆபீஸ் கணினி வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. மேனேஜர் அழாத குறைதான்.

மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி. கட்டடத்தின் எல்லா வயரும் அதில்தான் வந்து முடிந்தன. புதுப் பெட்டி எதுவும் வாங்க வேண்டியதில்லை. அந்த ஒன்றையே இரண்டு தனித்தனி ஸ்விட்சுகளைப் போல நடக்க வைத்தாள். அறைகளில் உள்ள டேப்லெட்டுகள் ஒரு பக்கம், ஆபீஸ் கணினிகளும் நர்ஸ் மேஜைக் கணினியும் இன்னொரு பக்கம். இனி இதற்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வெளியிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் செய்திகள் இணையம் வழியாக அறைகளுக்குப் போகும் பாதையை மட்டும் திறந்தே விட்டாள். வேலை சுத்தம். ஒரு டீ குடிக்கலாம் என்று அம்மாவின் அறைக்குப் போனாள்.

அம்மா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாத்திரையும் தண்ணீரும் தொடாமல் கிடந்தன.

"பெரியவன்கிட்டேருந்து இன்னும் வரலடி. அது வந்தாத்தான் எனக்கு மாத்திரை இறங்கும்."

எப்போது வந்தாலும் இதே பாட்டுதான். கடல் தாண்டி இருக்கிற பெரியவன் தினமும் செய்தி போடுகிறானாம், தங்கமான பிள்ளையாம். மாதம் தவறாமல் பழப்பையோடு நேரில் வருகிறவளுக்கு மட்டும் 'இளைச்சுட்டே, தலையை ஒழுங்கா வாரு' என்று அர்ச்சனை. சின்னவளுக்கு வயிறு எரியும். ஆனால் கோபத்தை விட மாத்திரை முக்கியம், அது இதயத்துக்கான மாத்திரை.

ஒருவேளை பாதையை அடைத்துவிட்டோமோ? இல்லத்தின் செய்தி ஆப்பை அப்போதுதான் முதல்முறையாகத் தன் போனில் ஏற்றி, 'டெஸ்ட்' என்று ஒரு சொல் அனுப்பிப் பார்த்தாள். டேப்லெட் டிங் என்றது.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். "இதென்னடி டெஸ்ட்டுனு மொட்டையா? நீ இப்படி எழுத மாட்டியே."

"சும்மா சோதிச்சேன்மா," என்று சொல்லிக்கொண்டே சின்னவள் மாடிப்படிக்குப் பாதி வழி போய்விட்டாள். வெளியிலிருந்து வருவது வருகிறது. அப்படியானால் அண்ணன் செய்தி எங்கே போயிற்று?

லேப்டாப்பைத் திறந்து, ஸ்விட்ச் தடுத்து நிறுத்தியவற்றைப் பார்த்தாள். யாரோ திரும்பத் திரும்ப அம்மாவின் டேப்லெட்டுக்கு எதையோ அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். இணையத்திலிருந்து இல்லை. கட்டடத்துக்கு உள்ளேயிருந்து, நர்ஸ் மேஜையின் வயரிலிருந்து.

நர்ஸ் மேஜையில் சிஸ்டர் கணினியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை வந்தீங்க. எதுவுமே போக மாட்டேங்குது."

"எங்கம்மாவுக்கு நீங்க என்ன அனுப்புறீங்க சிஸ்டர்?"

சிஸ்டர் குரலைத் தாழ்த்தினாள். "உங்க அண்ணன் முதல்ல அனுப்பிட்டுதான் இருந்தாரு. அப்புறம் நின்னுபோச்சு. அம்மா மாத்திரையைத் துப்ப ஆரம்பிச்சாங்க. போன் போட்டுச் சொன்னேன். 'நீங்களே என் பேர்ல ஏதாச்சும் எழுதிவிடுங்க சிஸ்டர், எனக்கு நேரமில்ல'ன்னுட்டாரு."

சின்னவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்தவளுக்கு ரெண்டு வரி எழுத ஆள் வெச்சிருக்கானா? இவனைப் போய் தங்கம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாளே எங்கம்மா. இருக்கட்டும், இன்னிக்கே அவனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்."

சிஸ்டர் திரையை மெல்ல இவள் பக்கம் திருப்பினாள்.

போகாமல் நின்ற செய்திகள் இரண்டு இருந்தன. ஒன்று பெரியவன் பெயரில். இன்னொன்று: 'அம்மா, மாத்திரை போட்டாச்சா? இங்கே வேலை கழுத்தை நெரிக்குது. ஆனா மனசு பூரா உன்கிட்டதான் கிடக்கு. நிம்மதியா தூங்கு. உன் சின்னவ.'

சின்னவள் தன் பெயரையே யாரோ அந்நியரின் பெயரைப் போல மறுபடி மறுபடி படித்தாள்.

"நான் எப்போ உங்களை எழுதச் சொன்னேன்?"

"நீங்க சொல்லலம்மா," என்றாள் சிஸ்டர். "பெரியவர் பேர்ல வந்ததும், 'சின்னவ ஒண்ணும் போடலையா'ன்னு தினம் கேப்பாங்க. எத்தனை நாள்தான் இல்லைன்னு சொல்றது?"

நீ இப்படி எழுத மாட்டியே. அம்மா சொன்னது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணனையாவது போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவளைக் கேட்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

அறையிலிருந்து மணி அடித்தது. "அம்மாதான்," என்று சிஸ்டர் எழுந்தாள். "இன்னும் போட்டிருக்க மாட்டாங்க. அந்தத் தடுப்பை மட்டும் கொஞ்சம் எடுத்துவிடுறீங்களா?"

லேப்டாப்பில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் போதும், அந்த மேஜைக்கு வழி திறந்துவிடும். சின்னவள் லேப்டாப்பை மூடினாள். போனை எடுத்து 'அம்மா' என்று எழுதினாள். அதற்கு மேல் விரல் நகரவில்லை. மணி மறுபடியும் அடித்தது.

"சிஸ்டர்," என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "வழக்கமா நான் என்ன எழுதுவேன்?"