வலப்பக்கம் ஓடிய கால்

பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் மூன்று வருடமாக ராய்ஸுக்குப் பழகியது ஒரே ஓட்டம்தான். பந்து கைமாறியதும், எதிரணியைத் தடுக்கும் ஐந்து பேரின் வரிசையை விட்டு விலகி வலப்பக்கம் ஓடுவான். எதிரே வருபவனை இடித்துத் தள்ளி, பந்தோடு பின்னால் வரும் கோர்டெலுக்கு வழி திறப்பான். ஒன்பது ஆட்டம் தோற்றதும் பள்ளிக்கூடம் பழைய கோச்சை அனுப்பிவிட்டது.

புதிய கோச் ஹாலிஸின் முறையில் யாரும் வரிசையை விட்டு விலகக் கூடாது. ஐந்து பேரும் சேர்ந்து இடப்பக்கம் போக வேண்டும்.

“உன் காலுக்குப் பழைய கோச்தான் இன்னும் சம்பளம் குடுக்குறாராடா? வெள்ளிக்கிழமைக்குள்ள மாறலன்னா உனக்கு பெஞ்சுதான்,” என்றார்.

ஆட்டத்தில் இறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்தவனை எந்தக் கல்லூரி அணியும் கூப்பிடாது.

“எடது கால் எதுன்னு தெரியலன்னா என்னக் கேளு மாப்ள,” என்று கோர்டெல் சிரித்தான்.

புதன்கிழமைப் பயிற்சியில், டெக்சஸ் வெயிலில், நாற்பது முறை ராய்ஸ் சரியாகப் போனான். அடுத்த முறை களைப்பில் கால் தானாக வலப்பக்கம் திரும்பியது. குனிந்த தலையோடு அவன் இடித்தது, பந்தோடு இடப்பக்கம் ஓடிவந்த கோர்டெலின் முழங்காலை.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன் ஹாலிஸ் சொன்னார்: “கோர்டெலோட வேகம் இல்லாம புது ஓட்டம் நடக்காது. மாத்து ஆளுக்குத் தெரிஞ்சது பழசுதான். ராய்ஸ், நீ வலப்பக்கம் போ.”

பெஞ்சில் கட்டுப்போட்ட காலை நீட்டியிருந்த கோர்டெல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.